சஃபாரிக்குப் போகும் பிள்ளைகளும் மலேரியாவும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த அமர்வில் நீரிழிவு பற்றி ஒருவரும் மார்புப் புற்றுநோய் பற்றி ஒருவரும் பேசுகிறார்கள், நீங்கள் பிள்ளைகளின் சுகம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தினர் எம்மைக் கேட்டார்கள். தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. ஆபிரிக்காவுக்கு மிருகம் பார்க்கப் போவது எத்தனை பேருக்குச் சரிவரும் என்று யோசித்திருப்பார்கள். ஆனால் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வராது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இருக்கிற எங்கள் வகுப்புத் தோழிகள் பாடசாலை விடுமுறை வந்தால் சிங்கத்தோடும் யானையோடும் படம் போடுகிறார்கள். படம் வருவதற்கு ஒரு கிழமை முன்னர் ஒரு கேள்வி வரும்: “கென்யா போறம், சின்னவனுக்கு என்ன குளிசை குடுக்கிறது?” ஒரு கிழமைக்கு முன்னர் கேட்கிற கேள்வி அல்ல அது. ஆகவே இன்று அதை நேரகாலத்தோடு பேசிவிடுவோம்.

சஃபாரி என்ற சொல் கிழக்கு ஆபிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அரபு மொழியிலிருந்து சுவாகிலிக்குப் போனது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பயணம் விமானத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததோடு முடிவதில்லை. அதன் பின்னர் இன்னும் சில மாதம் அதற்குள்தான் இருக்கிறோம். இன்று நாம் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வரும்.

இந்த மண்டபத்தில் நாற்பதைத் தாண்டியவர்களிடம் மலேரியா என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு வன்னிக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சாக்கும் போர்வையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் அடங்காத நடுக்கம், பிறகு கொதிக்கும் காய்ச்சல், பிறகு உடம்பெல்லாம் வேர்த்து ஓய்ந்து கிடப்பது. குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறவர்களும் இருப்பீர்கள். அந்த நாளில் எந்தக் காய்ச்சலுக்கு வைத்தியசாலைக்குப் போனாலும் முதலில் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தத்தைத் தேய்த்து எடுப்பார்கள். மலேரியா தடை இயக்கப் பணியாளர்கள் போர்க்காலத்திலும் வீடு வீடாக வந்து சுவருக்கு மருந்து அடித்தார்கள். வீட்டுக்குள் நாற்றம் என்று ஏசினோம். அவர்கள் ஏச்சு வாங்கிக்கொண்டு செய்த வேலைதான் பலன் தந்தது. 2016க்கு முன்னர் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. 1934, 35இல் ஒரே கொள்ளைநோயில் எண்பதாயிரம் பேரளவில் பறிகொடுத்த நாடு இது. அந்த அறிவிப்பின் பெறுமதி வெளிநாட்டில் வைத்தியம் பார்க்கும் எமக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. எங்கள் பிள்ளைகள் மலேரியாவைக் கண்டதில்லை. அவர்களைப் பார்க்கிற இளம் வைத்தியர்களில் பலரும் கண்டதில்லை. நாமும் மெல்ல மெல்ல மறந்துவிட்டோம்.

எம்மிடம் அடிக்கடி வருகிற ஒரு பேச்சு உண்டு. “அக்கா, நாங்கள் வன்னியில மூண்டு தரம் மலேரியா வந்து எழும்பின ஆக்கள். இனி எங்களுக்கு என்ன?” கேட்பவர் பகிடியாகக் கேட்பதில்லை, உண்மையாகவே நம்பிக் கேட்கிறார். மலேரியாவுக்கு எதிராக உடம்பில் வருகிற தாங்கும் சக்தி அரைகுறையானது. நோய் உள்ள ஊரைவிட்டு வந்தால் சில வருடங்களில் அதுவும் குறைந்து போகும். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு அது ஒருபோதும் இருந்ததில்லை, தாயிடமிருந்து சொத்தாக வருவதும் இல்லை. இன்னொன்று, எங்கள் ஊரில் அதிகம் கண்டது வைவாக்ஸ் என்ற வகை. ஆளை வாட்டி வதைக்கும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. சகாராவுக்குத் தெற்கே ஆபிரிக்காவில் அநேகமாக எல்லாமே ஃபல்சிபாரம் என்ற வகை. அது மூளையைத் தாக்கும், இரத்தச் சீனியை விழுத்தும், சிறுநீரகத்தை முடக்கும். காலையில் விளையாடிய பிள்ளை அடுத்த நாள் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கலாம். 2023ஆம் ஆண்டில் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் 597,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நூற்றுக்கு 95 இறப்பு ஆபிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் நூற்றுக்கு 76 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நாம் பேசுகிற அதே வயதுப் பிள்ளைகள்.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். நாங்களும் போனோம், இரண்டு தரம். ஆனால் எங்கே போவது என்பதைப் பிள்ளையின் வயதை வைத்துத்தான் தீர்மானித்தோம்.

மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது போனது தென்னாபிரிக்காவுக்கு. அந்த நாட்டில் மலேரியா இருப்பது வடகிழக்கு ஓரத்தில் மட்டும்: லிம்போப்போ, முமலங்கா மாகாணங்களின் தாழ்ந்த பகுதிகள், குவாசுலு நற்றாலின் வடக்கு. பெயர்பெற்ற கிரூகர் தேசிய பூங்கா அதற்குள்தான் விழுகிறது. ஆனால் பிலனெஸ்பேர்க், மடிக்வே, கிழக்குக் கேப் பகுதியில் உள்ள அடோ யானைப் பூங்கா இவையெல்லாம் மலேரியா இல்லாத இடங்கள். சிங்கம், யானை, காண்டாமிருகம், எருமை எல்லாம் அங்கேயும் உண்டு. நாங்கள் போனது பிலனெஸ்பேர்க்குக்கு. ஜொகனஸ்பேர்க்கிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணம். குளிசையும் இல்லை, வலையும் இல்லை. ஒன்றரை வயதுக்காரி யானையைக் காட்டிலும் யானை போட்ட விட்டையைத்தான் ஆர்வத்தோடு பார்த்தாள். இந்த வயதில் மசாய் மாராவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் அதையேதான் பார்த்திருப்பாள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள எவருக்கும் எமது ஆலோசனை இதுதான்: மலேரியா இல்லாத பூங்காவைத் தெரிவுசெய்யுங்கள். மாரா எங்கும் ஓடிப்போகாது. பல தங்குமிடங்கள் சிறு பிள்ளைகளைத் திறந்த ஜீப்பில் ஏற்றுவதே இல்லை, ஆறு வயது, சில இடங்களில் அதற்கும் மேல் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். காசையும் கொடுத்துப் பிள்ளையோடு கூடாரத்துக்குள் மாறி மாறிக் காவல் இருப்பதற்கு ஆபிரிக்கா எதற்கு? 5 கிலோ நிறைகூட இல்லாத கைக்குழந்தைக்கு நம்பிக் கொடுக்கத்தக்க தடுப்பு மருந்தும் அநேகமாகக் கிடையாது. தாய் குளிசை எடுத்தால் பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போவது உண்மை, ஆனால் காப்பாற்றும் அளவுக்குப் போவதில்லை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: இப்போது வேண்டாம். மலேரியா வந்தால் தாயும் ஆபத்தில், வயிற்றுப் பிள்ளையும் ஆபத்தில்.

காலமும் முக்கியம். கிரூகர் பக்கத்தில் செப்ரெம்பரிலிருந்து மே வரை மலேரியாக் காலம். எங்கள் டிசெம்பர் விடுமுறை அதன் நடுவில் வந்து விழுகிறது. கிழக்கு ஆபிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழை, வருடக் கடைசியில் சிறுமழை. மழைக்குப் பின்னால் நுளம்பு வரும் என்பதை இந்த மாகாணத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மகளுக்கு ஐந்து, மகனுக்கு எட்டு வயதானபோது கென்யாவுக்குப் போனோம். ஓகஸ்ற் மாதம், ஒன்பது நாள். நூ என்று சொல்லப்படுகிற பெரிய மான் கூட்டங்கள் செரெங்கெற்றியிலிருந்து வந்து மாரா ஆற்றைக் கடக்கிற காலம் அது. முகவர் சொன்னார், “மாரா உயரமான இடம், இரவில் குளிர், நுளம்பே இருக்காது” என்று. குளிர் உண்மைதான், ஸ்வெற்றர் இல்லாமல் விடியற்காலையில் ஜீப்பில் ஏற முடியாது. நுளம்பு குறைவு என்பதும் உண்மை. ஆனால் மாராவின் உயரம் மலேரியாவை முற்றாக நிறுத்துகிற உயரம் அல்ல. கென்யாவில் அதற்கு 2,500 மீற்றருக்கு மேலே போகவேண்டும். பூங்கா முடிந்ததும் பலர் மொம்பாசாப் பக்கம் கடற்கரையில் நாலு நாள் ஆறிவிட்டு வருவார்கள். மலேரியா மாராவைவிடக் கூடுதலாக இருப்பது அந்தக் கரையோரத்தில்தான். மிருகம் இல்லாத இடம் என்று நினைத்து எல்லாக் கவனத்தையும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

இனிக் குளிசைக்கு வருவோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அம்மாவின் அலுமாரியில் பழைய குளோரோகுயின் இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள். ஆபிரிக்க ஃபல்சிபாரத்துக்கு அது இப்போது வேலை செய்யாது. அதைவிட மோசம், சிறு பிள்ளை ஒன்றிரண்டு குளிசையை எடுத்து விழுங்கினாலே உயிர் போகலாம். எந்த மலேரியாக் குளிசையானாலும் பூட்டி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு நாம் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது அற்றோவகோன், புறோகுவானில் இரண்டும் சேர்ந்த குளிசை. மலரோன் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கென்று சிறிய குளிசையாகவும் வருகிறது. அளவு வயதுக்கு அல்ல, நிறைக்கு. 11 முதல் 20 கிலோ வரை நாளுக்கு ஒன்று, 21 முதல் 30 வரை இரண்டு, 31 முதல் 40 வரை மூன்று. ஆகவே பயணத்துக்குக் கிட்டவாகப் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள், போன வருடத்து நிறையைச் சொல்லாதீர்கள். போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னர் தொடங்கி, அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும், திரும்பி வந்து ஏழு நாளும் கொடுக்கவேண்டும். எங்கள் ஒன்பது நாள் பயணத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஏழு, மொத்தம் 18 நாள். 17 கிலோ மகளுக்கு 18 குளிசை, 24 கிலோ மகனுக்கு 36.

சாப்பாட்டோடு அல்லது பாலோடு கொடுத்தால்தான் மருந்து நன்றாக உடம்பில் சேரும். விழுங்க மாட்டாத பிள்ளைக்கு அரைத்து ரின்பாலில் குழைத்து உடனேயே கொடுக்கலாம். இது எங்கள் அம்மம்மாவின் கைவைத்தியம் அல்ல, மருந்து செய்தவர்களே எழுதியிருக்கிற முறை. கென்யாவுக்கு நாங்கள் கொண்டுபோன பெட்டியில் இரண்டு ரின் இருந்தது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் திரும்பவும் ஒருமுறை கொடுக்கவேண்டும். ஆகவே எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று குளிசை கூடுதலாக வாங்கி வையுங்கள்.

மெஃப்ளோகுயின் கிழமைக்கு ஒருமுறை கொடுப்பது. நாள்தோறும் பிள்ளையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்பது அதன் நன்மை. ஆனால் வலிப்பு வந்த பிள்ளைக்கும் மனநோய் இருந்தவர்களுக்கும் கூடாது, சிலருக்குக் கெட்ட கனவும் பயமும் வரும். உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே இரண்டு மூன்று கிழமை முன்னர் தொடங்கவேண்டும், வந்தபின் நாலு கிழமை தொடரவேண்டும். டொக்சிசைக்கிளின் பெரியவர்களுக்கு நல்லது, மலிவு. சிறு பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கும் என்பதால் இங்கிலாந்தில் 12 வயதுக்குக் கீழே நாம் கொடுப்பதில்லை, அமெரிக்காவில் 8 வயதிலிருந்து கொடுக்கிறார்கள்.

திரும்பி வந்தபின் ஏன் குளிசை என்று எல்லோரும் கேட்பார்கள். கடைசி நாள் இரவு கடித்த நுளம்பு விட்ட ஒட்டுண்ணி முதலில் ஈரலுக்குள் போய் ஒரு கிழமையளவு ஒளிந்திருக்கும், பிறகுதான் இரத்தத்துக்குள் இறங்கும். மலரோன் ஈரலுக்குள்ளேயே அதைப் பிடிக்கும், ஆகவே ஏழு நாள் போதும். மற்ற இரண்டும் இரத்தத்துக்கு வந்தபின்தான் பிடிக்கும், அதனால் நாலு கிழமை. வீட்டுக்கு வந்து பாடசாலை தொடங்கி, உடுப்புத் தோய்த்து, வேலைக்கு ஓடுகிற அந்தக் கிழமையில்தான் குளிசை மறக்கப்படுகிறது. எங்கள் வீட்டில் பல் தீட்டும் தூரிகைக் குவளைக்குள்ளே குளிசை அட்டை நின்றது.

மலேரியாவுக்கு இப்போது தடுப்பூசி வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: வந்திருக்கிறது. 2021இல் ஒன்றையும் 2023இல் இன்னொன்றையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கென்யா, கானா, மலாவி ஆகிய நாடுகளில் 2019இலேயே முன்னோடியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவை அந்த மண்ணில் வாழ்கிற பிள்ளைகளுக்கானவை, பயணிகளுக்கு அல்ல. நாங்கள் 18 நாளைக்குக் குளிசை எண்ணிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம். எங்கள் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டவரின் பிள்ளைகள் அங்கேயேதான் வளர்கிறார்கள்.

குளிசை மட்டும் போதாது. அதைச் சரியாக எடுத்தவர்களுக்கும் அரிதாக நோய் வரலாம், ஆகவே கடி குறைய வேண்டும். மலேரியா பரப்பும் அனொபிலிஸ் நுளம்பு பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை கடிக்கும். சஃபாரியில் மிருகம் பார்க்கப் போவதோ விடியற்காலையிலும் மாலையிலும், இரண்டு நேரமும் ஓரத்தில் முட்டுகின்றன. நீளக் கை, நீளக் காற்சட்டை, சப்பாத்தோடு மேசு. நிறம் மங்கலாக இருக்கட்டும். கடும் நீலமும் கறுப்பும் வேண்டாம், செற்சி என்ற ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். அதைப் பிடிக்கிற பொறிகளையே நீல, கறுப்புத் துணியில்தான் செய்கிறார்கள். அது பகலில் கடிக்கும், கடி சுரீர் என்று வலிக்கும்.

பூசும் மருந்தில் டீற் உள்ளதை நாம் விரும்புகிறோம். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பூசலாம், சிறு பிள்ளைக்கு 20 முதல் 30 வீதம் உள்ளது போதும். வெயில் கிறீம் முதலில், அது காய்ந்தபின் இது. உங்கள் உள்ளங்கையில் எடுத்துப் பிள்ளைக்குப் பூசுங்கள், பிள்ளையின் கையில் பூசாதீர்கள், கை வாய்க்குப் போகும். எலுமிச்சை வாசனையுள்ள யூக்கலிப்ரஸ் எண்ணெயை மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு இதமானவை. அவற்றை நம்பி ஃபல்சிபாரத்துக்கு முன்னால் பிள்ளையைப் படுக்கவைக்க முடியாது. கையில் கட்டுகிற பட்டி, சத்தம் எழுப்புகிற கருவி, உள்ளி, விற்றமின் பி எதுவும் பயன் தராது. அவற்றுக்குக் கொடுக்கிற காசுக்குப் பேர்மெத்ரின் தோய்த்த வலை ஒன்று வாங்கலாம். கூடாரத்தின் சிப்பைப் பொழுதுபட முன்னர் மூடுங்கள். பிள்ளைகள் உள்ளே போய் வெளியே வந்து விளையாட விரும்புவது இந்தச் சிப்போடுதான், அதற்கு வீட்டிலேயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு போங்கள்.

கென்யா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசியையும் மறக்கவேண்டாம். அங்கிருந்து நேரே இலங்கைக்கு வருகிற, ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எவரிடமும் அந்தச் சான்றிதழ் கேட்கப்படும். ஊசி போட்டுப் பத்தாம் நாள்தான் அது செல்லுபடியாகும்.

இப்போது திரும்பி வந்தபின் நடப்பது. சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் இரவுக் கடமையில் இருந்தபோது நாலு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊர்க் குடும்பம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறோம். இரண்டு நாளாகக் காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம். முதல் நாள் காட்டிய இடத்தில் வைரஸ் காய்ச்சல், தண்ணீர் கொடுங்கள், பனடோல் கொடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கியும் இருந்தது. தகப்பன் களைத்துப்போய், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த அம்மம்மா எம்மைத் தமிழ் என்று கண்டுகொண்டு கேட்டார்: “பிள்ளை, இவனுக்கு விரல்ல குத்தி ரத்தம் பாத்தவையோ?”

அந்தக் கேள்வி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எமக்குத் தெரியும். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டோம். ஓகஸ்றில் மாராவும் மொம்பாசாவும். வந்து ஒன்பது நாள். குளிசை வந்த அன்றே நிறுத்தியாயிற்று, வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று. அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. நூறு செங்குருதிக் கலங்களில் எட்டில் ஒட்டுண்ணி. இரத்தச் சீனி விழுந்திருந்தது, பையன் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திரும்ப மூடிக்கொண்டான். நாளத்தின் வழியாக ஆர்ரெசுனேற் மருந்து ஏற்றினோம். இரண்டாம் நாள் தண்ணீர் கேட்டான், ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனான். அந்த மருந்துக்குப் பிறகு சிலருக்குச் சில கிழமை கழித்து இரத்தம் உடைவதுண்டு, ஆகவே ஒரு மாதம்வரை கூப்பிட்டுக் கூப்பிட்டு இரத்தம் பார்த்தோம். இப்போது பாடசாலைக்குப் போகிறான்.

அந்தப் பையனுக்கு நடுக்கம் வரவில்லை. நாம் வன்னியில் கண்ட குளிர், காய்ச்சல், வேர்வை என்ற ஒழுங்கைச் சிறு பிள்ளைகளில் எதிர்பார்க்காதீர்கள். சாப்பாடு வேண்டாம் என்பது, சத்தி, வயிற்றோட்டம், இருமல், சோர்ந்து படுப்பது, இவ்வளவுதான் தெரியலாம்.

இதே பிள்ளை கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ காய்ச்சலோடு போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரத்தம் எடுப்பார்கள், குருதிச் சிறுதட்டு குறைந்திருக்கும், டெங்கு என்று விடுதியில் போடுவார்கள். மலேரியாவிலும் குருதிச் சிறுதட்டு குறையும். வைத்தியரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் நாள்தோறும் காண்பது டெங்கு. நாம் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஆபிரிக்காவில் கால்வைத்து ஏழு நாளுக்குப் பிறகு வருகிற எந்தக் காய்ச்சலுக்கும், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், அன்றைக்கே போங்கள். கதவைத் திறந்ததும் முதல் வசனமாகச் சொல்லுங்கள்: “நாங்கள் ஆபிரிக்காவுக்குப் போய் வந்தனாங்கள், மலேரியா பாருங்கோ.” குளிசை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நிற்காவிட்டால் 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் இன்னும் இரண்டு தரம் பார்க்கவேண்டும். வருடம் ஒன்று போனாலும் அந்தப் பயணத்தைச் சொல்வதில் நட்டம் இல்லை. அங்கே இருக்கும்போதே காய்ச்சல் வந்தால் பயந்து ஊருக்கு ஓடிவரவேண்டாம். கென்யாவின் சிறிய கிளினிக்கில் இருக்கிற தாதிக்கு மலேரியா எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு மலேரியா தடை இயக்கம் தடுப்புக் குளிசையை இலவசமாகவே கொடுக்கிறது. கொழும்பில் நாரஹேன்பிட்டியில் தலைமையகம், மாவட்டங்களில் பிராந்திய அலுவலகங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு முன்னர் போங்கள், திரும்பி வந்தபின்னும் அவர்களிடமே இரத்தம் பார்க்கலாம். இது உங்கள் பிள்ளைக்காக மட்டும் அல்ல. 2016இன் கடைசியில் மன்னாரில் அனொபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடக்கூடியது அது. நுளம்பு இங்கே இருக்கிறது, ஒட்டுண்ணிதான் இல்லை. அதை இரத்தத்தில் கொண்டுவந்து விடுவது நாமாக இருக்கக்கூடாது.

வெளியே மேசையில் மருந்து தோய்த்த வலை ஒன்றை விரித்து வைத்திருக்கிறோம், கட்டும் முறையைத் தொட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் நிறை பார்க்கும் தராசு இருக்கிறது. வருகிற விடுமுறைக்குப் போக இருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போகிற நாட்டின் பெயர், திகதி, பிள்ளையின் நிறை மூன்றையும் ஒரு துண்டில் எழுதித் தந்தால், எந்த மருந்து, எத்தனை குளிசை என்று அங்கேயே கணக்குப் பார்த்துத் தருகிறோம்.